சீசாவில் இருந்தது யாருடையது?

சாராளைத் திருடி என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் புதன்கிழமையிலிருந்து மாமியார் சின்னப்பொண்ணு அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சுவரைப் பார்த்துப் பேசினாள். கோழியை விரட்டுகிற சாக்கில் பேசினாள். அடுப்பில் பானை பொங்கினால்கூட, "யாரோ பாக்கணும், பொங்குது" என்றாள்.

எல்லாம் நர்சம்மா சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தையால் வந்த வினை.

சாராளின் புருஷன் தாவீதுக்கு மாசி மாதம் இருமலோடு ரத்தம் வந்தது. கும்மிடிப்பூண்டியில் கம்பி இழுக்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. அவன் அப்பன் காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்த குடும்பம் அது. காசநோய் என்று வெளியே தெரிந்தால் கம்பெனி வாசலை மிதிக்க முடியாது. சானடோரியத்தில் போய்ப் படுத்தால் எப்போது திரும்புவான் என்பதும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் பட்டணத்து ஆராய்ச்சி டாக்டர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். நோயாளி வீட்டோடு இருந்து, வேலைக்கும் போய்க்கொண்டு, தினமும் மாத்திரை விழுங்கினாலே இந்த நோய் தீருமா என்று பார்ப்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. அதற்கு ஒரே நிபந்தனை. ஒரு நாள்கூட மாத்திரையை விடக் கூடாது.

விடுகிறானா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தான் குணசுந்தரி என்கிற நர்சம்மா வந்துகொண்டிருந்தாள். வரும் நாளைச் சொல்ல மாட்டாள். திடீரென்று வாசலில் நிற்பாள். மாத்திரை டப்பாவைச் சரிபார்ப்பாள். ஒரு சீசாவைக் கொடுத்துச் சிறுநீர் கேட்பாள். மாத்திரை வயிற்றுக்குள் போயிருந்தால் சிறுநீர் காட்டிக்கொடுத்துவிடும்.

புதன்கிழமை அவள் சீசா கேட்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"ஆடி மாசத்துக்கு அப்புறம் எடுத்த எதுலயும் மருந்து இல்ல தாவீது. ஒரு தடவைன்னா மறந்துட்டீங்கன்னு நினைப்பேன். ஒவ்வொரு தடவையும்னா, மாத்திரை வேற எங்கயோ போகுது. இன்னும் ஒரே ஒரு தடவை வந்து பார்ப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா டாக்டர்கிட்ட சொல்றதத் தவிர வழியில்ல."

வேற எங்கயோ போகுது.

அந்த மூன்று வார்த்தையைச் சின்னப்பொண்ணு பிடித்துக்கொண்டாள். சாராளின் பிறந்த வீடு ஆர்.கே.பேட்டையில். அவள் அண்ணன் அங்கே வருஷக் கணக்காக இருமுகிறவன். ஆடியில் சாராள் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தாள். டப்பா சாவியோ அவள் கழுத்துக் கயிற்றில். வேறு என்ன வேண்டும்?

"ஆத்தாளுக்கு ஒரு புள்ளன்னா, தங்கச்சிக்கு ஒரு அண்ணன்" என்று சின்னப்பொண்ணு கோழியிடம் சொன்னாள். அன்று மாலையே ஆர்.கே.பேட்டைக்கு ஆள் மூலம் சொல்லியும் அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து உன் தங்கச்சியை அழைத்துக்கொண்டு போ.

இன்று சனிக்கிழமை.

காலையில் கஞ்சி குடித்து முடித்த தாவீதின் முன்னால் சாராள் மாத்திரைகளோடு உட்கார்ந்தாள். பெரிய பெரிய மாத்திரைகள். விழுங்கினால் வயிற்றைப் புரட்டும்.

"வாயத் தொற."

"தொறந்துகினுதான கீறேன்."

"நாக்கத் தூக்கு."

தாவீது முகம் சுருங்கினான். முப்பத்தைந்து வயது ஆம்பிளை. இருந்தாலும் தூக்கினான். நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை. கன்னத்துக்குள்ளும் ஒன்றும் இல்லை. சாராள் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். அவன் தொண்டை ஏறி இறங்கியதையும் பார்த்தாள்.

"நம்பிக்கை இல்லியா உனக்கு?" என்றான் அவன்.

"எனக்கு இந்த ஊட்ல யார் மேலயும் நம்பிக்கை இல்ல. இந்த ஊட்டுக்கும் என் மேல இல்ல. கணக்கு சரியாப்பூடுச்சு."

அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனான். அவன் பதில் சொல்லாததுதான் சாராளைக் குடைந்தது. புதன்கிழமையிலிருந்து அவன் இப்படித்தான். "என் பொண்டாட்டி அப்படிப்பட்டவ இல்ல" என்று ஒரு வார்த்தை அவன் தாயிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்?

அவள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மாமியார் மாத்திரையை மாற்றி வைக்கிறாளா? இந்த மாத்திரை என் பிள்ளை குடலை எரிக்குது என்று சித்திரையில் அழுதவள்தானே. ஆனால் டப்பா பூட்டில் இருக்கிறது. நர்சம்மாவும் ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துப் பார்க்கிறாள். மாத்திரை சரியான மாத்திரைதான். அது வாய்க்குள் போவதைச் சாராளே தன் கண்ணால் பார்க்கிறாள். அப்புறம் எப்படி?

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

மாத்திரை வாய்க்குள் போகிறவரை பார்க்கிறேன். நர்சம்மா கைக்குச் சீசா வருகிறபோது பார்க்கிறேன். நடுவில் தாவீது அந்தச் சீசாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போகிறானே, அதை மட்டும் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"தாவீது இருக்காரா?"

நர்சம்மாவேதான். வெள்ளைச் சேலை, தோளில் கித்தான் பை. முதல் வண்டிக்கே வந்திருக்கிறாள்.

சின்னப்பொண்ணு ஓடிவந்து முறத்தை நகர்த்தி உட்கார இடம் செய்தாள். குணசுந்தரி உட்காரவில்லை. டப்பாவைக் கேட்டாள். சாராள் கழுத்துச் சாவியால் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். குணசுந்தரி மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணினாள். திரும்ப டப்பாவில் போட்டாள்.

"குறைவும் இல்ல, கூடுதலும் இல்ல. சரியா இருக்கு. டப்பா எப்பவும் சரியாத்தான் இருக்கு" என்றாள். அதைச் சொல்லிவிட்டுச் சாராளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலும் சந்தேகம்தான்.

தாவீது சீசாவை வாங்கிக்கொண்டான். அப்போதுதான் இராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த அவன் தம்பி ஜெயராஜ் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். நர்சம்மாவைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். தாவீது பின்கட்டு வழியாக இறங்கினான். கொஞ்ச நேரம் கழித்து, முகம் கழுவப் போகிறவனைப் போல ஜெயராஜும் பின்னாலேயே போனான்.

"டீ போடறேன் நர்சம்மா" என்று சாராள் உள்ளே போனாள். தண்ணீரை அடுப்பில் வைத்தாள். பிறகு ஓசைப்படாமல் பின்வாசலில் இறங்கினாள்.

வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை வரைக்கும் வேலிகாத்தான் புதர். கூடூர் பக்கம் போகும் வண்டி ஒன்று கடந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் அடங்கியபோது புதருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"குட்றா சீசாவ. இந்தத் தபா என்னுதையே குடுத்துர்றேன்." தாவீதின் குரல்.

"நேத்து சாயங்காலம் போட்டுகினியா இல்லியா?"

"கொஞ்சூண்டு."

"அப்ப கம்முனு நில்லு. நான் ரொப்பித் தரேன்."

"டேய், இத்தினி நாளும் உன்னுதக் குடுத்துதான இவ்ளோ பேஜாரு! மருந்து இல்ல, மருந்து இல்லன்றாங்க. நீ மாத்திரை துன்னாதவன். உன்னுதுல எங்கேர்ந்து வரும்?"

"இந்தத் தபா வரும்ண்ணே. நம்பு."

"எப்டிடா வரும்?"

"வரும்னா வரும். நோண்டி நோண்டிக் கேக்காத."

அவள் புதரைச் சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்றபோது சீசா ஜெயராஜ் கையில் நிரம்பியிருந்தது. மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"குடு அத" என்றாள்.

"அண்ணி…"

அவள் பிடுங்கிக்கொண்டாள். தாவீதின் எதிரே போய் நின்றாள்.

"என் மூஞ்சியப் பாரு."

அவன் பார்க்கவில்லை.

"பாருய்யா! புதன்கிழமையிலேர்ந்து உங்கம்மா என்னத் திருடின்னு பாக்குது. எங்கண்ணன வரச் சொல்லிட்டுது. நாளைக்கி மூட்டையக் கட்டிகினு நான் போவணும். எல்லாத்தையும் பாத்துகினு நீ கஞ்சி குட்ச்ச. வாயத் தொறன்னா தொறந்த. இதச் சொல்ல மட்டும் அந்த வாய் தொறக்கல இல்ல?"

"சாராளு, மெதுவா…"

"இன்னாத்துக்கு மெதுவா? ஏன் இவன்துல குடுத்த? சொல்லு."

தாவீது புதர் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். போன வருஷம் மதுவிலக்கு வந்து சாராயக் கடைகளை மூடிய பிறகு அவன் குடியை விட்டிருந்தான். ஆடியில் மறுபடி தொட்டுவிட்டான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கள்ளத்தனமாகக் காய்ச்சுகிறார்கள். கம்பெனியில் மாரியப்பன் என்கிறவனைப் போலீஸ் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்து, உள்ளே தள்ளிவிட்டது. ரத்தத்தையும் மூத்திரத்தையும் பார்த்தால் சாராயம் தெரிந்துவிடும் என்று கம்பெனியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"நர்சம்மா கவர்மெண்ட் ஆளு. சாராயம் கீதுன்னு எழுதிட்டா? அதுக்குத்தான் தம்பியக் கேட்டேன்."

"புதன்கிழமை தெரிஞ்சிபோச்சே, அவங்க பாக்கறது மாத்திரையத்தான்னு. அப்பக்கூடச் சொல்லலியே."

"அம்மாவாண்ட எப்டிச் சொல்றது?" என்றான் அவன். "நைனா குட்ச்சே செத்தாரு. அவர பெட்டியில வெச்ச அன்னிக்கி வேதப் புஸ்தகத்து மேல கைய வெச்சி, தொட மாட்டேன்னு சொன்னேன். நீயும் பக்கத்துலதான் நின்ன."

சாராள் நின்றாள்தான். அதை மறக்கவில்லை. அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அந்தப் பரிதாபத்தின் மேலேயே ஒரு கோபமும் வந்தது.

"உன் சத்தியத்தக் காப்பாத்த என்னத் திருடியாக்கிட்ட" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ஜெயராஜ் பின்னாலேயே ஓடிவந்தான்.

"அண்ணி, இந்த ஒரு தபா உட்ரு. அந்தச் சீசாவக் குடு. எல்லாம் சரியாப்பூடும். சத்தியமா சொல்றேன் அண்ணி."

"இந்த ஊட்ல இனி யாரும் என்னாண்ட சத்தியம் பண்ணாதீங்க."

அவள் நேரே போய்ச் சீசாவை நர்சம்மா முன்னால் வைத்தாள்.

"இது அவருது இல்ல. ஆடியிலேர்ந்து நீங்க எடுத்துகினு போனது எதுவும் அவருது இல்ல. இவன்து." ஜெயராஜைக் காட்டினாள்.

குணசுந்தரி சீசாவையும் ஜெயராஜையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எத்தனையோ வீட்டைப் பார்த்திருந்தாள். மாத்திரையைத் துப்புகிறவர்கள், கிணற்றில் எறிகிறவர்கள், மாட்டுக்குக் கொடுத்தவர்கள்கூட உண்டு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, சாப்பிடாதவன் சிறுநீரைக் கொடுத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

பையிலிருந்து இன்னொரு சீசாவை எடுத்தாள். "தாவீது, போங்க. இந்தத் தடவை நான் பின்கட்டுலதான் நிப்பேன்" என்றாள்.

தாவீது போய்வந்தான். பட்டணம் கொண்டுபோகும்வரை காத்திராமல், குணசுந்தரி அங்கேயே ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் அதில் கொஞ்சம் ஊற்றினாள். மருந்துப் புட்டியைத் திறந்து ஒரு சொட்டு விட்டாள். வெளிர் மஞ்சளாய் இருந்தது சட்டென்று கருஞ்சிவப்பாக மாறியது, திராட்சைச் சாறு போல.

"மருந்து இருக்கு. நல்லாவே இருக்கு. ஒழுங்கா சாப்பிட்டிருக்காரு" என்றாள் குணசுந்தரி. பிறகு, இதைச் சொல்லத் தான் கடமைப்பட்டவள் என்பது போலச் சின்னப்பொண்ணுவின் பக்கம் திரும்பினாள். "உங்க மருமக ஒரு வேளைகூடத் தவறாம குடுத்திருக்காங்கம்மா. நான்கூடத் தப்பா நினைச்சுட்டேன்."

சாராள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

சின்னப்பொண்ணு மகனைப் பார்த்தாள். "இன்னாத்துக்குடா தம்பிதக் குடுத்த?"

தாவீது சொன்னான். சத்தியத்தை மீறியதையும் சேர்த்தே சொன்னான். சின்னப்பொண்ணு கத்தவில்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். தாவீது அதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

"இந்தச் சொட்டு மருந்துக்குச் சாராயம் தெரியாது தாவீது" என்றாள் குணசுந்தரி. "ஆனா உங்க ஈரலுக்குத் தெரியும். இந்த மாத்திரையோட சாராயம் சேர்ந்தா அது தாங்காது. நான் போலீஸ் இல்ல. எனக்கு நீங்க பொழைக்கணும், அவ்வளவுதான். ஒண்ணு நல்லாக் கேட்டுக்குங்க. மாத்திரையப் பாதி சாப்பிட்டுப் பாதி விட்டா அந்தக் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கும். அப்புறம் எந்த மாத்திரைக்கும் அடங்காது."

சின்னப்பொண்ணு மெதுவாகக் கேட்டாள். "அப்ப, துன்னாதவங்களுது இந்த மாதிரி செவக்காதா?"

"செவக்காது. உங்க சின்ன மகன்துதான் இங்க இருக்கே. நீங்களே பாருங்க."

"வேணாம் நர்சம்மா" என்று ஜெயராஜ் முன்னால் வந்தான். "அதக் கொட்டிடுங்க."

"இதுல என்ன இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே அவள் வேறொரு குழாயில் ஊற்றி ஒரு சொட்டு விட்டுவிட்டாள்.

சிவந்தது.

முதலாவதைப் போலவே கருஞ்சிவப்பு. குணசுந்தரி இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகம் மாறியது.

"ரெண்டு பேரும் ஒரே வயித்துப் புள்ளைங்கதான, அதனால இருக்கும்" என்றாள் சின்னப்பொண்ணு அவசரமாக.

"அப்படியெல்லாம் வராதும்மா. இவரும் மாத்திரை சாப்பிட்டிருக்காரு. போன தடவை வரைக்கும் இவர்துல இல்ல. இப்ப இருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயராஜ் அங்கே இல்லை. சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளும் இல்லை.

சின்னப்பொண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ஐயோ, நாளைக்கி மூணாவது ஓலையாச்சே!"

அவள் பயம் எல்லோருக்கும் புரிந்தது. ஜெயராஜுக்குக் கடம்பத்தூர்ப் பெண் செண்பகத்தை நிச்சயம் செய்திருந்தார்கள். இரண்டு ஞாயிறு சபையார் முன்னால் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது தடவை. இவர்களைச் சேர்த்து வைக்கத் தடை ஏதாவது உண்டா, இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார். மாப்பிள்ளைக்குக் காசநோய் என்றால் கடம்பத்தூரார் அங்கேயே எழுந்து நிற்பார்கள்.

"பெரியவனப் புடிச்ச நோவு சின்னவனையும் புடிச்சிட்ச்சா? நர்சம்மா, நீங்க இதப் பாக்கவே இல்லன்னு வெச்சிக்கங்க." சின்னப்பொண்ணு கையைக் கூப்பினாள். பிறகு, நான்கு நாளில் முதல் தடவையாக, மருமகளின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "சாராளு, நீ போம்மா. நீ கேட்டா சொல்லுவான். உங்கண்ணன் வந்தா நானே பேசி அனுப்பிடறேன். நீ எங்கயும் போவ வேணாம்."

சாராள் போனாள். மாமியார் வருந்திச் சொன்ன சொல்லா, காரியத்துக்காகச் சொன்ன சொல்லா என்று தெரியவில்லை. அதை யோசிக்க நேரமும் இல்லை.

ஜெயராஜ் தூரம் போகவில்லை. ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"நீ கம்முனு இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சி போயிருக்கும் அண்ணி" என்றான், அவளைப் பார்த்ததுமே. "மருந்து கீதுன்னு எழுதிகினு நர்சம்மா போயிருப்பாங்க. உன் மேல இருந்த பழியும் போயிருக்கும். அண்ணன் குட்ச்சதும் தெரிஞ்சிருக்காது."

"அதுக்கோசரந்தான் மாத்திரை துன்னியா? எனக்கோசரமா?"

"பின்ன? நீ மூட்டையக் கட்டிகினு போறதப் பாத்துகினு நிக்கச் சொல்றியா? நான் குடுத்ததாலதான உனக்கு இந்தப் பழி."

சாராளுக்கு இப்போதுதான் கண் நிறைந்தது. அந்த வீட்டில் தனக்காக ஒருவன் ஏதோ செய்திருக்கிறான். ஆனால் கண்ணீரோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் எழுந்தது. டப்பாவில் ஒன்றுகூடக் குறையவில்லையே.

"உனக்கு அந்த நோவு இல்லியே? என்னப் பாத்துச் சொல்லு."

"இல்ல அண்ணி. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப மாத்திரை ஏது?"

ஜெயராஜ் கேட்டின் இரும்பைப் பிடித்துக்கொண்டான்.

"வியாழக்கிழமை பட்டணம் போயி, வண்டி மாறி, கடம்பத்தூர் போனேன்."

"கடம்பத்தூர்ல ஏதுடா மாத்திரை?"

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சாராளின் கை தானாக வாய்க்குப் போனது.

"செண்பகமா?"

தலையை ஆட்டினான். "அண்ணன எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிகினு போனேனே, அங்கதான் அதப் பாத்தேன். அதுவும் அண்ணன மாதிரிதான். ஊட்டோட இருந்து மாத்திரை துன்னுது. நல்லாயிகினே வருது அண்ணி. போன எக்ஸ்ரேவுல டாக்டரே சொன்னாராம். நான்தான் போதகர் ஐயாவாண்ட சொல்லி, அவரா பாத்து முடிச்ச சம்பந்தம் மாதிரி நம்ம ஊட்ல பேசச் சொன்னேன். அவருக்கும் நோவு விஷயம் தெரியாது."

"அவ பங்க உனக்குக் குடுத்துட்டு அவ இன்னா துன்னா?"

வண்டி ஒன்று தூரத்தில் ஊதியது.

"இன்னா துன்னான்னு கேக்கறேன்!"

"நர்சம்மா எந்த நாள் வருவாங்கன்னு தெரியாது. அதனால நாலு நாளைக்கிக் குடுத்துச்சு. எங்கண்ணிக்கோசரம்னு சொன்னேன். உடனே எடுத்துக் குடுத்துச்சு."

இதுவரை நேரில் பார்த்துக்கூடப் பேசியிராத ஒரு பெண். தன் நெஞ்சுக்குள் இருக்கிற நோயைக் கொல்லும் மருந்தை, சாராளின் பெயர் கெடக் கூடாது என்று எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சாராளுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. நல்ல பெண் என்று மனசு சொன்னது. இன்னொரு நோயை இந்த வீட்டுக்குக் கொண்டுவருகிறானே என்றும் அதே மனசு சொன்னது. தாவீதின் ரத்தம் தோய்ந்த துணிகளை அலசிய கை அவளுடையது.

"மிச்சம் வெச்சிருக்கியா?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான்.

"இன்னிக்கே கொண்டுபோய் அவ கையில குடு. இனிமே அவ மாத்திரையத் தொடாத. மத்தத அப்பறம் பேசிக்கலாம்."

கேட் திறந்தது. ஜெயராஜ் ஸ்டேஷன் பக்கம் சைக்கிளை மிதித்தான். சாராள் வீட்டுக்குத் திரும்பினாள்.

வாசலிலேயே மூன்று பேரும் நின்றிருந்தார்கள். தாவீது, மாமியார், பையைத் தோளில் மாட்டிக்கொண்ட குணசுந்தரி.

"இன்னா சொன்னான்?" சின்னப்பொண்ணு முந்திக்கொண்டு கேட்டாள். "அவனுக்கும் அந்த நோவா?"

"இல்ல அத்தே. அவனுக்கு ஒண்ணும் இல்ல. என் மேல இருக்கிற பழி போவணும்னு துன்னிருக்கான். அண்ணன்துன்னு நர்சம்மா நம்பணும்னுதான்."

"மாத்திரை ஏது அவனுக்கு?"

உண்மையைச் சொன்னால் நாளை கோயிலில் ஓலை இல்லை. சாராள் ஒரு நொடிதான் தயங்கினாள்.

"நான்தான் குடுத்தேன். நம்ம டப்பாவுலேர்ந்து."

சின்னப்பொண்ணு பெருமூச்சு விட்டாள். "அடிப்பாவி, இத முன்னமே சொல்லக் கூடாதா? உயிரே போய்ட்ச்சி" என்று மருமகளின் தோளைத் தொட்டாள். தாவீது மட்டும் குழம்பிய முகத்தோடு நின்றான். புதருக்குப் பின்னால் சாராள் ஒன்றும் தெரியாதவளாக எப்படிக் கொதித்தாள் என்பதை அவன் பார்த்திருந்தான்.

குணசுந்தரி சாராளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த டப்பாவைக் காலையில் தன் கையால் எண்ணிப் பார்த்தவள் அவள்.

"எனக்கு வண்டிக்கு நேரமாச்சும்மா" என்றாள் சின்னப்பொண்ணுவிடம். "வெயில் ஏறிடுச்சு. ஸ்டேஷன் வரைக்கும் சாராள் என்கூட வரட்டும்."

இருவரும் நடந்தார்கள். கம்பெனிச் சுவரைத் தாண்டியதும் நர்சம்மா நின்று, பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உன் டப்பாவுல ஒண்ணும் குறையல சாராள். இப்பச் சொல்லு. யாரோட மாத்திரை அது?"